பாயில் சூடு இருந்தது

தெமியாங், சிரம்பான்
14-2-1980

பஞ்சாலைக்கு,

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணன் எழுதுகிறான் என்றதும் சமாதானத்துக்கு வருகிறான் என்று நினைத்துவிடாதே. ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்குப் பதில் வந்தால் போதும்.

நான் இன்னும் அதே அச்சகத்தில்தான் புரூப் பார்க்கிறேன். இப்போது ரப்பர் தோட்டத்துக் கோயில்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறோம். அதற்காகப் பல தோட்டங்களிலிருந்து பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கி என் மேசையில் குவித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்து, போடக்கூடியதை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

போன வாரம் ஒரு கோயில் கமிட்டி நோட்டைப் படித்தேன். 1952ஆம் வருடத்தில், திருவிழாச் செலவுக்கும் கொடிமரத்துக்கும் நடுவில், சம்பந்தமே இல்லாமல் செயலாளர் எழுதியிருக்கிறார்: "மதியம் தம்பி தண்ணீர் கேட்டான். எடுக்கப் போனேன். திரும்பி வந்தேன். பாயில் சூடு இருந்தது. ஆள் இல்லை." மறுநாள் வேறொரு தோட்டத்திலிருந்து வந்த கங்காணி டைரியைப் பிரித்தேன். அது 1911. "உச்சி வேளை. பெண்டு தண்ணி கேட்டது. மொள்ளப் போனேன். வந்தேன். பாய் சூடு ஆறவில்லை. பெண்டைக் காணோம்."

உனக்கு இது புதிதாக இருக்காது. என் மகள் நீலாவதி காணாமல் போன அன்று நான் சிரம்பானிலிருந்து ஓடி வந்தபோது, நீ லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னதும் இதுதான். "தண்ணி கேட்டுச்சுண்ணே. எடுக்கப் போனேன். வந்து பாத்தா பாய் சூடா இருக்கு, புள்ளையக் காணோம்." மூன்று தடவை சொன்னாய், மூன்று தடவையும் ஒரு சொல் மாறவில்லை.

நான் ஏன் நம்பவில்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வரி எனக்கு முன்பே தெரியும். லாபுவில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்தவர் 1934இல் எழுதிய நோட்டு ஒன்றை உன் வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன் அல்லவா, அதில் இதே வரி இருக்கிறது. நீ அந்த நோட்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணாலேயே பார்த்தேன். என் தொழிலில், ஒரே வாக்கியம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்றுதான் அர்த்தம். பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்ட பிள்ளையை உன்னிடம் விட்டிருந்தேன். அதைத் தொலைத்துவிட்டு நோட்டில் இருந்ததை ஒப்பிக்கிறாய் என்று நினைத்தேன்.

இன்றும் அப்படி நினைக்கத்தான் ஆசை. ஆனால் இந்த இரண்டு நோட்டுகளையும் நீ பார்த்திருக்க வழியில்லை. டிரஸ்ஸரும் பார்த்திருக்க வழியில்லை.

ஆகவே கேட்கிறேன். டிரஸ்ஸர் நோட்டை நீ படித்தாயா, இல்லையா?

ராமகிருஷ்ணன்


கோலா சாவா
20-2-1980

அண்ணனுக்கு,

கணக்கெழுதுகிற கிராணி ஆபீஸில் உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரித்துப் படித்த பிறகு, யாரும் சாகவில்லை, கோபம்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது.

படித்தாயா என்று கேட்கிறீர்கள். இந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் பாருங்கள். இதை நீங்கள் இதுவரை பார்த்திருக்க மாட்டீர்கள். 1974இல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள், அங்கேதான் நான் ஆனா ஆவன்னா கற்றுக்கொண்டேன். அதற்கு முன் எனக்கு ஓர் எழுத்துத் தெரியாது. உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், என்னை ஆயாக்கொட்டகைக்குத் தொட்டில் ஆட்ட அனுப்பினார்கள். கூடப் பிறந்தவளுக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா என்பதுகூட உங்களுக்குத் தெரியவில்லை. ஊரான் எழுதியதில் எல்லாம் பிழை கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள்.

நோட்டைப் புரட்டியது உண்மைதான். அதில் டிரஸ்ஸர் கை எலும்பு, கால் எலும்பு என்று படம் வரைந்து வைத்திருந்தார். நீலாவுக்கு அதைக் காட்டினால் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிடும். நான் அந்த நோட்டில் பார்த்தது அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்குப் பதில் ஆகிவிட்டது. இப்போது என் பங்குக்குச் சொல்கிறேன். நீங்கள் அன்று எல்லார் முன்னாலும் பொய்க்காரி என்று சொல்லிவிட்டுப் போன மறுமாதம் என்னை ஆயா வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தாயம்மா என் முகத்துக்கு நேராகவே சொன்னாள், "அண்ணங்காரனே நம்பலை, நாங்க எப்படி நம்பறது லா." அன்றிலிருந்து களை வெட்டுகிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால், நான் உட்காருகிற பக்கத்திலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து போகிறார்கள். நான் ஒரு குழந்தையைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. நீங்கள் என்னை நம்புகிறீர்களா?

பஞ்சாலை


தெமியாங்
3-3-1980

பஞ்சாலைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை பிழை தேடித்தான் படித்தேன், பழக்கதோஷம். இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய். மற்றபடி கையெழுத்து நன்றாக இருக்கிறது. உனக்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் ஒரு நாளும் யோசித்ததே இல்லை. வெட்கமாக இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆனாலும் நம்புகிறேன் என்று உடனே எழுத என் கை வரவில்லை. கொஞ்சம் பொறு. துக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நோயாளி தண்ணீர் கேட்பதும், பார்த்துக்கொள்கிறவர் எழுந்து போவதும் எங்கும் நடப்பதுதானே. ஆனால் பாயின் சூட்டை ஏன் எல்லாரும் எழுத வேண்டும்? டிரஸ்ஸர் இங்கிலீஷ் படித்தவர், கங்காணி கப்பலில் வந்தவர், செயலாளர் இங்கேயே பிறந்தவர். தமிழும் ஆளுக்கொரு மாதிரி. சொல் வேறாக இருந்தாலும் வரிசை மாறவில்லை. கேட்டது, போனது, வந்தது, பாயின் சூடு, ஆள் இல்லாதது. இந்த ஐந்தும் இதே வரிசையில்தான் மூன்று நோட்டிலும் வருகின்றன.

இன்னொன்றை நேற்றுத்தான் கவனித்தேன். இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. மூன்று நோட்டிலும் அந்த வரிக்குப் பிறகு அந்தக் கையெழுத்து இல்லை. கமிட்டி நோட்டில் அடுத்த வரியிலிருந்து வேறு ஆள் எழுதுகிறார். உன் பெட்டியிலிருந்து அன்றே எடுத்து வந்த டிரஸ்ஸர் நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள்தான். கங்காணி டைரியிலும் அறுபது பக்கத்துக்கு மேல் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பக்கங்களை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. அவர்கள் செத்துப் போனார்களா, எழுதப் பிடிக்காமல் விட்டார்களா என்று சொல்ல ஆள் இல்லை.

நீ அன்று சொன்னதை நான் முழுவதும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்கு மேல் சொல்லவிடாமல் கை ஓங்கிவிட்டேன். மீதியை இப்போது எழுது. எதையும் விடாமல் எழுது.

ராமகிருஷ்ணன்


கோலா சாவா
11-3-1980

அண்ணனுக்கு,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். எழுதி முடிக்க நான்கு நாள் ஆனது.

அன்று நீலாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள். நான் வேலைக்குப் போகவில்லை. லயத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது, ஒரு கோழிகூடக் கத்தவில்லை. மாடு உள்ளே வந்துவிடுகிறது என்று முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். பிள்ளை பாயில் படுத்திருந்தது, நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். தண்ணி வேணும் அத்தை என்றது. குசினிக்கும் பாய்க்கும் எட்டு அடி. பானையில் மொண்டுகொண்டு திரும்பினேன்.

பாய் வெறுமையாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், அதன் தலை இருந்த இடம் நனைந்திருந்தது, முதுகு இருந்த இடம் சுட்டது. முன்கதவுத் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. பின்கதவு குசினியில்தான், அதன் வழியாகப் போனால் என் மேல் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். போலீஸ்காரர் தாழ்ப்பாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு எழுதாமல் விட்டுவிட்டார். எழுதினால் கேஸ் என் மேலே திரும்பும் என்று எனக்கு நல்லது செய்வதாக நினைத்தார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. நான் உடனே கத்தவில்லை. பிள்ளை ஒளிந்துகொண்டு விளையாடுகிறது என்று நினைத்தேன். டம்ளரைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அத்தை கண்ணை மூடிக்கிட்டேன், வாடா" என்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது பாய் ஆறிப்போயிருந்தது. அப்போதுதான் கத்தினேன். நான் உடனே கத்தியிருந்தால் ஆள் கூடியிருக்குமோ, பிள்ளை கிடைத்திருக்குமோ என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் திட்ட ஒரு காரணம் வேண்டுமென்றால் இதை வைத்துத் திட்டுங்கள், பொய் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

பால்மரக் காட்டில் எல்லாம் தேடினார்கள், ஆற்றில் வலை போட்டார்கள். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை. அது உங்களுக்கு மட்டும் மகள் இல்லை அண்ணா. பிறந்த எட்டாம் நாளிலிருந்து என் தோளில் வளர்ந்தது.

கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

பஞ்சாலை


தெமியாங்
23-3-1980

பஞ்சாலைக்கு,

நான்காவது புத்தகமும் கிடைத்துவிட்டது. இது தோட்டத்துப் புத்தகம் இல்லை. இங்கே தெமியாங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் சொக்கப்பன் செட்டியார் வீட்டில், அவருடைய பாட்டனாரின் தாயார் சீதாலெட்சுமி ஆச்சி எழுதி வைத்த கைமருந்து நோட்டு. மலருக்குத் தேவைப்படுமா என்று அவரே கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டார் எந்தக் காலத்திலும் தோட்டத்துப் பக்கம் கால் வைத்தவர்கள் இல்லை.

கஷாயத்துக்கும் சளி மருந்துக்கும் நடுவில், 1926, சித்திரை: "உச்சிப் பொழுது. பேரன் தீர்த்தம் கேட்டான். எழுந்து போக ஏலவில்லை, கால் முறிந்து கிடக்கிறேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கேட்டுக் கேட்டு அழுதான். பொழுது சாய்ந்தது. காய்ச்சல் இறங்கிற்று." அந்தப் பேரன்தான் சொக்கப்பனின் தகப்பனார். அறுபது வயதைத் தொடப்போகிறார், போன மாதம்கூட அச்சகத்துக்கு வந்து என்னோடு காப்பி குடித்தார். ஆச்சி அதற்குப் பிறகும் பதினெட்டு வருடம் அதே நோட்டில் எழுதியிருக்கிறார்.

மற்ற மூன்று நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுந்து போகக் கூடாது. விஷயம் அவ்வளவுதான். எழுந்து போனவர்கள் எல்லாரும் இழந்திருக்கிறார்கள், போக முடியாதவள் ஒருத்தி காப்பாற்றியிருக்கிறாள்.

நீ பொய் சொல்லவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. ஆனால் மனசு ஆறவில்லை, பஞ்சாலை. எட்டு அடிதானே. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் வேறு ஆள் இல்லை. தண்ணீரை முன்பே பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா? நீ ஏன் எழுந்தாய்?

ராமகிருஷ்ணன்


கோலா சாவா
30-3-1980

அண்ணனுக்கு,

ஒன்பது வருடம் பொய்க்காரி என்றீர்கள். இப்போது உண்மைக்காரி ஆக்கிவிட்டு அதற்கும் சேர்த்துத் திட்டுகிறீர்கள். உங்களிடம் நல்ல பெயர் வாங்க நான் காலை உடைத்துக்கொண்டுதான் பிறந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை தண்ணி கேட்டால் எழுந்திருக்காத மனுஷி எந்த ஊரில் இருக்கிறாள்? அந்த ஆச்சிக்குக் கால் நன்றாக இருந்திருந்தால் அவரும் எழுந்து போயிருப்பார். ஆயாக்கொட்டகையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலையே அதுதான், எந்தப் பிள்ளை கேட்டாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தண்ணி கொடு என்றார்கள். நீங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டீர்கள், எனக்கு அன்று எந்தப் புத்தகமும் இல்லை.

இந்த நோட்டுகளை எல்லாம் கட்டி அவரவர் தோட்டத்துக்கே அனுப்பிவிடுங்கள். ராத்திரி பகல் அதையே படித்துக்கொண்டிருந்தால் நல்லதில்லை. எனக்கும் இனிமேல் எழுத வேண்டாம்.

பஞ்சாலை


தெமியாங்
21-4-1980

பஞ்சாலைக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். இந்த ஒரு கடிதத்துக்குப் பொறுத்துக்கொள்.

உனக்குக் கடைசியாக எழுதிய நாளிலிருந்து நான் படுக்கிற பாய்க்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கூஜாவில் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். ஏன் வைத்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் நான் ஒருவன்தான், எனக்குக் காய்ச்சலும் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மலரின் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, தண்ணி" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

நீலா என் பாயில் படுத்திருந்தாள். அன்றைக்கு இருந்த அதே ஏழு வயதுதான், ஒரு நாள்கூடக் கூடவில்லை. காணாமல் போன அன்று போட்டிருந்த அந்த மஞ்சள் கவுன்தான் போட்டிருந்தாள். நான் கத்தவில்லை, பயப்படவும் இல்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். கை கொதித்தது. சின்னக் கை, நகத்தில் மண் இருந்தது. கூஜாவைத் திறந்து வாயருகில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இது சுடுதுப்பா. பானைத் தண்ணி குடுங்க" என்றாள்.

எனக்குத் தெரியும், பஞ்சாலை. நான்கு புத்தகம் படித்தவன் நான். "அப்பா போகமாட்டேன்மா, இதையே குடி" என்றேன். அவள் அடம்பிடிக்கவில்லை. உதட்டை நக்கிக்கொண்டாள். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. நான் கையை விடவில்லை. ரேடியோவில் செய்தி முடிந்து ஒரு பாட்டும் முடிந்தது. அதுவரை பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் மறுபடியும் கேட்டாள். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது.

நான் எழுந்தேன்.

பானை குசினியில் இருக்கிறது. ஒன்பது அடி. போகும்போதே தெரியும். மொள்ளும்போதும் தெரியும். ஆனால் அந்த உதட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. திரும்பி வந்தேன். அதற்கு மேல் நான் எழுதமாட்டேன், அது உனக்கே தெரியும். எழுதிவைத்தால் எனக்குப் பிறகு எவனாவது ஒருவன் அதைப் படித்துவிட்டுத் தன் தங்கையைத் திட்டுவான்.

ஏன் எழுந்தாய் என்று உன்னைக் கேட்டேன். அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை. உன்னை நம்புகிறேன். தாழ்ப்பாளை நம்புகிறேன், நீ கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததை நம்புகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மலர் வேலையை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டேன். இனிமேல் பேனா எடுப்பேன் என்று தோன்றவில்லை. உன்னிடமிருந்து அவள் போனபோது உனக்கு ஒன்றும் தெரியாது. நான் எல்லாம் தெரிந்தும் விட்டுவிட்டேன்.

ராமகிருஷ்ணன்


கோலா சாவா
24-4-1980

அண்ணாவுக்கு,

கடிதம் மத்தியானம் கிடைத்தது. வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு, களை வெட்டுகிற இடத்திலேயே மரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து ஏன் வேலை நிற்கிறது என்று கேட்டார். அண்ணன் கடிதம் என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

நம்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாயம்மாவிடம் காட்டிவிட்டு வரலாம் என்று அவள் வீட்டு வாசல்வரை போனேன். அப்புறம் காட்டத் தோன்றவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். நான் வரும்வரை வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், சொக்கப்பன் செட்டியார் கடையில் போய் உட்கார்ந்திருங்கள். சாப்பிட்டீர்களா இல்லையா என்று கேட்கமாட்டேன், நானே சமைத்துக் கொண்டுவருகிறேன். வந்த பிறகு நீங்கள் பேச வேண்டாம், எழுதவும் வேண்டாம். கையைப் பிடிக்கும்போது நகத்தில் மண் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது எந்தக் கை என்று மட்டும் எனக்குச் சொன்னால் போதும்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதற்காகத்தான் தபால் மூட்டை கட்டுவதற்கு முன் இதை ஓடிப்போய்க் கொடுக்கிறேன். பிள்ளை தண்ணி கேட்டது, நீங்கள் எழுந்தீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. இந்த ஒரு வரியை என்றைக்காவது நீங்கள் எனக்கு எழுதுவீர்கள், அதை இன்னொருத்தரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் நானே வாசிக்க வேண்டும் என்றுதான் முப்பத்தைந்து வயதில் சிலேட்டுப் பிடித்தேன். அது வரவில்லை. எனக்கு ஒன்பது வருடம் ஆனது போல உங்களுக்கும் ஆக வேண்டாம் என்று, நானே உங்களுக்கு எழுதிவிட்டேன்.

பஞ்சாலை